பேசினால் உடையும் கவசம்

அத்தியாயம் 9

“மந்திரக் கவசம் போட்டிருந்தானாம். அதனால வாயத் தொறந்து பேசவே இல்லயாம்.”

இதைச் சொல்லிவிட்டுப் பிச்சைமுத்து எதிரே நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாராவது சிரித்தால் அந்த நிமிஷமே வெளியே அனுப்பிவிடுவது என்று இருந்தார் போலும். மலாக்கா தெங்கேராவில் சாமி படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் சட்டம் போட்டுத் தரும் கடை அது; பின்னாலும் மாடியிலும் வீடு. சுவரெல்லாம் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

துப்பறியும் சவரியப்பன் சிரிக்கவில்லை. அவர் சிரித்து அவருடைய உதவியாளர் ஷாந்தினியே பார்த்ததில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் வருஷக்கணக்காகப் பொய்க் கிளெய்ம்களைக் கேட்டுக் கேட்டு மனுஷன் முகம் அப்படியே நின்றுவிட்டது என்பது அவள் கட்சி.

“என்ன மாதிரி கவசம்?” என்று கேட்டார் சவரியப்பன்.

“நீங்களும் அவன் பக்கம் சேந்துட்டீங்களா?”

“இல்லைங்க. விவரம் கேக்கறேன்.”

பிச்சைமுத்து பெருமூச்சு விட்டார். விவரம் இதுதான். அவருடைய ஒரே மகள் அகல்யாவுக்கும் ஜோஷுவாவுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அகல்யா, காலமான தன் அம்மாவின் அட்டிகையைத் தோழி ஷெர்லீனிடம் காட்டிவிட்டு, கீழே பின்னறை அலமாரியில் வைத்தாள். பிறகு இருவரும் மாடிக்குப் போய், ஜோஷுவாவோடும் மாமா மகன் ஹரிதாஸோடும் சேர்ந்து வாராவாரம் ஆடும் ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் அட்டிகை இல்லை. நடுவில் கீழே இறங்கி வந்தவன் ஜோஷுவா ஒருவன்தான். பாத்ரூம் அந்தப் பின்னறைக்குப் பக்கத்தில்.

“அவன் வந்தத நான் பாத்தேன்” என்றார் பிச்சைமுத்துவின் தங்கை திலகா. அண்ணன் வீட்டோடு இருப்பவர். வாசற்படியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றிருந்தார். “அடுப்படில இருந்தேன். ‘சாப்பிட்டியா தம்பி’ன்னு கேட்டேன். ‘சாப்பிட்டேன் ஆண்ட்டி’ன்னான். அப்புறம் அந்த ரூம் வாசல்ல நின்னு போன்ல பேசுனான். ‘எடுத்துட்டேன், வெளிய வந்து தரேன்’னு.”

“நான் கடையில சாஞ்சிருந்தேன். எனக்கும் காதுல விழுந்துச்சு” என்றார் பிச்சைமுத்து. “அவன் கொரலுதான்.”

கல்லாப் பக்கம் நின்றிருந்த அகல்யா அப்போதுதான் வாயைத் திறந்தாள். அழுது முடித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த முகம் அது. “நேத்து ராத்திரியே அப்பா போலீஸ் பாலாய்ல ரிப்போட் அடிக்கக் கெளம்பிட்டாரு, அங்கிள். நான்தான் நிறுத்துனேன். வெளியாள் ஒருத்தர் விசாரிக்கட்டும், அவர் ஜோஷுவாதான்னு சொன்னா நானே கல்யாணத்த நிறுத்தறேன்னு சொல்லிட்டேன்.”

“சாயங்காலம் கடைய சாத்தறப்ப ரிப்போட் அடிச்சிருவேன்” என்றார் பிச்சைமுத்து. “அதுக்கு மேல பொறுக்க முடியாது.”

ஜோஷுவாவுக்கு வேலை வீடுவீடாகப் போய் அலாரமும் கேமராவும் பொருத்துவது. திருட்டுக் கேஸில் அவன் பெயர் போனால் வேலையும் போகும், பெண்ணும் போகும். உடனே போய்விடும், விசாரணை முடியும்வரை காத்திருக்காது.

வெளியே வந்து காரில் ஏறியதும் ஷாந்தினி ஆரம்பித்தாள். “பாஸ், இத்தனை நாள்ல எத்தனையோ சாக்கு கேட்டிருக்கோம். தலைவலி, தங்கச்சி கல்யாணம், டயர் பஞ்சர். மந்திரக் கவசம் இப்பதான் மொத தடவ.”

“அதான் யோசிக்கிறேன்” என்றார் சவரியப்பன். “பொய் சொல்றவன் நம்பற மாதிரி ஒண்ணு சொல்லுவான். இந்த மாதிரி ஒண்ணச் சொல்லணும்னா, ஒண்ணு அவன் முட்டாளா இருக்கணும், இல்ல அது நெஜமா இருக்கணும்.”

“முட்டாள் எப்படி அலாரம் பூட்டுவான்?”

“டுரியான் துங்காலுக்கு வண்டிய விடு.”

*

ஷெர்லீன் அங்கே பல்கலைக்கழகத்தில் லேப் உதவியாளர். கேன்டீனில் கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், அவள் நாற்காலியையே முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ரொம்ப சிம்பிள், அங்கிள். நான் கதை சொல்லுவேன். மத்த மூணு பேரும் அந்தக் கதைக்குள்ள ஒரு ஆளு. ஒருத்தர் வீரன், ஒருத்தர் திருடன், ஒருத்தர் மந்திரவாதி. என்ன செய்யறாங்கன்னு அவங்க சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும்.”

“திருடன் யாரு?” என்றாள் ஷாந்தினி.

“அகல்யா.”

ஷாந்தினி சவரியப்பனைப் பார்த்தாள். அவர் கோப்பியைப் பார்த்தார்.

“ஜோஷுவா மந்திரவாதி. அன்னிக்கு ஒரு பூதம் எல்லாரையும் கொல்ல வந்துச்சு. இவன் மௌனக் கவசம் போட்டான். ரூல் நானே எழுதுனது. கவசம் போட்டவன் பேசாம இருக்கற வரைக்கும், களத்துல அவன் பக்கம் இருக்கற யாருக்கும் அடி விழாது.”

“நல்ல ரூலாத்தானே இருக்கு?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன், அக்கா.” ஷெர்லீன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “பேசாம இருக்க வேண்டியது யாரு? கதையில இருக்கற மந்திரவாதியா, நாற்காலியில உக்காந்திருக்கற ஜோஷுவாவா? இவன் பாட்டுக்குக் கவசத்தப் போட்டுட்டு கெக்கெக்கேன்னு பேசிட்டு இருந்தான். ஹரிதாஸ் ஒத்துக்கவே இல்ல. அவன் வீரன்தான், ஆனா அன்னிக்குப் பூதத்தோட சேந்துட்டான். கவசம் உடைஞ்சாத்தான் அவனுக்கு ஜெயிப்பு. சண்ட. கடைசில ஜோஷுவாவும் பேசக் கூடாதுன்னு தீர்ப்பு சொன்னேன்.”

“அவனும் பேசாம இருந்தானா?”

“இருந்தான். இருமுனா கணக்கான்னு ஹரிதாஸ் கேட்டான். கணக்கில்லைன்னேன். தலையாட்டலாமான்னான். ஆட்டலாம்னேன். அப்பதான் இவனுக்கு பாத்ரூம் வந்திருச்சு.”

சவரியப்பன் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “இங்க கொஞ்சம் மெதுவா சொல்லும்மா. ரூல்ல களத்துலன்னு இருக்கு. பாத்ரூம் களமா?”

ஷெர்லீன் அவரை மரியாதையோடு பார்த்தாள். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடிய பெரியவர் ஒருவர் மலாக்காவில் இருப்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

“அதான் பெரிய சண்டையே, அங்கிள். மாடிய விட்டுப் போனா களத்த விட்டுப் போன மாதிரி, கவசம் விழுந்திருச்சுன்னு ஹரிதாஸ். ஒடம்பு போனாலும் மந்திரவாதி இங்கதான் நிக்கறான்னு அகல்யா. பாத்ரூம் போறதுக்கெல்லாம் ஆளக் கொல்லக் கூடாதுன்னு நான் சொன்னேன். கவசம் நிக்கும், ஆனா திரும்பி வர்ற வரைக்கும் பேசக் கூடாது.”

“கீழ போய் பேசுனா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அதையும் ஹரிதாஸே கேட்டான். அவனே வழியும் சொன்னான். மேஜை மேல ரோஸ் சிராப் ஜக்கு இருந்துச்சு. வாய் நெறைய சிராப்ப ஊத்திக்கிட்டுப் போ, அதே மாதிரி திரும்பி வான்னான். வாயத் தொறந்தா முழுங்கணும், இல்ல சிந்தணும். ஜக்கு மாடிலயே இருக்கும், மறுபடி ரொப்பிக்க முடியாது.”

ஷாந்தினி பேனாவை எடுத்துவிட்டு, எழுத ஒன்றும் இல்லாமல் மறுபடியும் பைக்குள் போட்டாள். “அப்ப ஜோஷுவா சொன்னது...”

“பிச்சைமுத்து அங்கிள்கிட்ட அவன் அதத்தான் சொன்னான். அவரு தன்னக் கிண்டல் பண்றான்னு நெனச்சுட்டாரு.” ஷெர்லீனின் குரல் தணிந்தது. “நானும் போய்ச் சொன்னேன். கூட்டாளிங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னுட்டாரு. எங்க பேச்ச யாரு நம்புவா?”

“எதிரி சொன்னா நம்புவாங்களா?” என்றார் சவரியப்பன்.

*

ஹரிதாஸ் செலண்டாரில் டிராக்டர் சாமான் கடையில் வேலை பார்ப்பவன். அகல்யாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டு, அவள் மாட்டேன் என்று சொல்லி, அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட வருகிறவன். ஏன் வருகிறான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பகடையைக் காட்டுவான் போலிருக்கிறது.

செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த காரில் ஷாந்தினி சந்தேகத்தைக் கிளப்பினாள். “பாஸ், முறைப் பையன். பொண்ணு கெடைக்கல. சிராப் ஐடியா இவனோடது. இவனே கூட எடுத்திருக்கலாம்ல?”

“இருக்கலாம். ஆனா இவன் கீழ போகலன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும் சொல்றது என்னிக்கு சரியா இருந்திருக்கு?”

ஹரிதாஸ் கையெல்லாம் கிரீஸோடு வந்தான். அட்டிகை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மௌனக் கவசம் என்றதும் திரும்பினான்.

“அங்கிள், நீங்களே சொல்லுங்க. களத்த விட்டு வெளிய போனவனோட கவசம் எப்படி நிக்கும்? அப்படின்னா அவன் சிங்கப்பூருக்குப் போனாலும் நிக்குமா? தப்பான தீர்ப்பு.”

“உன் பக்கம் ஞாயம் இருக்கு” என்றார் சவரியப்பன். துப்பறிகிறவரே இப்படிச் சொன்னதில் ஹரிதாஸ் கண் பளிச்சிட்டது. “ஆனா தீர்ப்பு தீர்ப்புதான். அதனால நீ என்ன செஞ்ச?”

“என்ன செய்யறது?”

“நான் உன் எடத்துல இருந்தா, அவன் கீழ போய் பேசறானான்னு போய்க் கேட்டிருப்பேன்.”

ஹரிதாஸ் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். ஷாந்தினி காரில் சொன்னதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“போனேன்” என்றான் அவன். “படிக்கட்டு பாதி வரைக்கும். கீழ எறங்கல.”

“இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“கீழ யாரு போனான்னுதான் மாமா கேட்டாரு. படிக்கட்டுல யாரு நின்னான்னு கேக்கல.” பிறகு குரலை இறக்கிக்கொண்டான். “அதோட, நான் எதுக்கு ஜோஷுவாவுக்காகப் போய்ச் சொல்லணும், அங்கிள்? அவன் போயிட்டான்னா...” அந்த வாக்கியத்தை அவனே முடிக்கவில்லை. வெட்கம் வந்துவிட்டது.

“படிக்கட்டுல நின்னு என்ன கேட்ட?”

“அவன் எறங்குனான். திலகா ஆண்ட்டி ‘சாப்பிட்டியா தம்பி’ன்னு கேட்டாங்க. பதில் இல்ல. நான் இந்தா பேசப் போறான்னு ரெடியா நின்னேன். மறுபடியும் கேட்டாங்க. பதில் இல்ல. பாத்ரூம் கதவு. தண்ணி. கதவு. நேரா மேல வந்துட்டான்.”

“போன்ல பேசுனானா?”

“பேசியிருந்தா அன்னிக்கு நான் ஜெயிச்சிருப்பேன்லா!” ஹரிதாஸுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. “கன்னத்தக் கூடத் தட்டிப் பாத்தேன். ரொப்பி வச்ச பலூன் மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஷெர்லீன் பூதம் தும்மற மாதிரி நடிச்சா, இவன் சிரிச்சுட்டான். மொத்தமும் என் மேப் மேல.”

உள்ளே போய், தானே கலர் பென்சிலால் வரைந்த வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தான். மலையும் காடும் ஒரு கோட்டையும். அதன் மேல் ஒரு ரோஸ் வெள்ளம்.

“மத்தவங்க கேஸ்ல ரத்தக் கறை” என்றாள் ஷாந்தினி. “நம்ம கேஸ்ல எறும்பு மொய்க்குது.”

“தம்பி, ஒரு கேள்வி” என்றார் சவரியப்பன். “ஜோஷுவாவ உனக்குப் பிடிக்குமா?”

“பிடிக்காது.”

“அப்புறம் ஏன் இப்ப சொல்ற?”

ஹரிதாஸ் வரைபடத்தைச் சுருட்டினான். “அவன் பேசல, அங்கிள். பேசுனான்னு எப்படி சொல்றது? ரூல் ரூல்தான்.”

திரும்பும் வழியில் ஷாந்தினி ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டாள்.

“பாஸ். அந்தப் பேச்ச திலகா ஒருத்தர் மட்டும் கேட்டிருந்தா பிரமைன்னு சொல்லலாம். ரெண்டு பேரும் கேட்டிருக்காங்க.”

“ம்.”

“பேசாதவன் பேச்சு ரெண்டு பேர் காதுல, வார்த்தை மாறாம விழுந்திருக்குன்னா, ரெண்டு பேரும் உக்காந்து பேசி வச்சிருக்காங்க.”

“ம்.”

“நம்மள வரச் சொன்னதே பிச்சைமுத்துதான். ஏன் நம்மளத் தேடிப் புடிச்சாருன்னு இப்ப புரியுது. நம்ம தெறம மேல அவ்வளவு நம்பிக்கை.”

சவரியப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “வேகமாப் போ. கடைய சாத்தற நேரம்.”

*

பிச்சைமுத்து பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். சட்டையை மாற்றித் தலை வாரி, ரிப்போட் அடிக்கப் போகிறவருக்கு உரிய முகத்தோடு நின்றார். அகல்யா அதே இடத்தில்தான் நின்றிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டாள். திலகா உள்ளே இருந்து வந்தார்.

சவரியப்பன் அவரிடம்தான் பேசினார். “அம்மா, அந்தப் பையன் உங்களுக்குப் பதில் சொல்லலதானே?”

“சொன்னானே. சாப்பிட்டேன் ஆண்ட்டின்னு...”

“நீங்க ரெண்டு தடவ கேட்டீங்க. படிக்கட்டுல ஹரிதாஸ் நின்னுக்கிட்டு இருந்தான்.”

திலகா அண்ணனைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையே போதுமாக இருந்தது. ஆனால் அவர் பேசியும்விட்டார். அடக்கி வைத்த ஆத்திரம், அது யாரைக் கேட்டுக்கொண்டு வரும்?

“ரெண்டு தடவ கேட்டேன்! கல்லு மாதிரி பாத்துட்டுப் போறான். தலைய ஒரு ஆட்டு. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னயே பெரியவங்க சாப்பிட்டியான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான். நாளைக்கு இந்த வீட்டுப் பொண்ணுக்கு என்ன மதிப்புன்னு அண்ணங்கிட்ட வந்து அழுதேன்.”

“அவர் வாய் நெறைய சிராப் இருந்துச்சு, அத்த” என்றாள் அகல்யா. “நான்தான் ஊத்துனேன். அப்பாகிட்ட நேத்தே சொன்னேன், அவரு காதுலயே வாங்கல.”

திலகா வாயில் கையை வைத்துக்கொண்டு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“சாப்பிட்டேன்னு பதில் சொன்னான், போன்ல பேசுனான்னு ஏன் மாத்திச் சொன்னீங்க?” என்று கேட்டாள் ஷாந்தினி. இந்த முறை அவள் குரலில் கிண்டல் இல்லை.

“ஒண்ணுமே பேசாம வந்தான் போனான்னு சொன்னா, திருடன்னு யாரு நம்புவா?” என்றார் பிச்சைமுத்து.

அதைத் தானே சொல்லிவிட்டோம் என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

“அட்டிகை எங்கப்பா?” என்றாள் அகல்யா.

அவர் உள்ளே போனார். கூடத்தில் மாட்டியிருந்த மனைவியின் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து வேலை மேஜையில் கவிழ்த்து வைத்தார். பின்பக்கப் பலகையின் ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பலகைக்கும் படத்துக்கும் நடுவில், மஞ்சள் துணியில் சுற்றி, அட்டிகை இருந்தது.

“நான் திருடல” என்றார். “அவகிட்டயே குடுத்து வச்சேன்.”

“ஏம்ப்பா?”

“வேணாம்னு சொன்னா நீ காரணம் கேப்ப. எங்கிட்ட காரணம் இல்ல.” அவர் குறடும் கையுமாகவே நின்றார். “குடிக்க மாட்டான். வேலைக்குப் போறான். அவங்கம்மாவ நல்லா பாத்துக்கறான். என்ன சொல்லி வேணாம்னு சொல்றது? நீ போயிட்டா இந்த வீட்ல நான் யாருகூடப் பேசறது? அன்னிக்கு திலகா வந்து அழுதப்ப, அப்பாடா, ஒண்ணு கெடச்சிருச்சுன்னு இருந்துச்சு.”

ஷாந்தினிக்கு அந்த மனுஷன் மேல் கோபம் வர வேண்டிய இடம் இது. வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால், மேஜையில் சிதறிய ஆணிகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

அகல்யா அட்டிகையைத் தொடவில்லை. போனை எடுத்து, எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, அப்பாவின் கையில் வைத்தாள். “நீங்களே சொல்லுங்க.”

இரண்டு முறை மணி அடிப்பதற்குள் ஜோஷுவா எடுத்துவிட்டான். செலண்டாருக்கு அப்பால் தோட்டத்து வீட்டில், காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருப்பான்.

“அகல்யா?”

“நான்தான்” என்றார் பிச்சைமுத்து.

“அங்கிள்.” ஜோஷுவாவின் குரல் உடனே மாறியது. தெளிவாக, ஒரே மூச்சில், பல தடவை சொல்லிப் பார்த்ததைச் சொல்கிறவன் போலப் பேசினான். “ரிப்போட் அடிச்சுட்டீங்கன்னா பரவால்ல, நான் எங்கயும் போகல. ஒரே ஒரு உதவி. போலீஸ் கெளம்பறதுக்கு முன்ன ஒரு மெசேஜ் போட்டுருங்க. அம்மாவ சர்ச்சுக்கு அனுப்பிடறேன். அவங்க முன்னால மட்டும் என்னக் கூட்டிட்டுப் போக வேணாம்.”

பிச்சைமுத்து கையிலிருந்த குறட்டை மேஜையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

“போலீஸ் வராது, தம்பி. அட்டிகைய நான்தான் எடுத்து வச்சேன். நீ எடுக்கல. எடுக்கலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

அந்தப் பக்கம் எங்கோ ஒரு சேவல் நேரம் தெரியாமல் கூவியது.

“உங்கம்மா வீட்ல இருக்காங்களா?”

“இருக்காங்க, அங்கிள்.”

“எங்கயும் அனுப்பாத. நான் வரேன். அவங்க முன்னால சொல்லணும்.”

“வாங்க” என்றான் அவன். அங்கிள் என்று சேர்க்கவில்லை.

பிச்சைமுத்து போனை மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கல்லாவுக்கு அடியில் இருந்த கார் சாவியை எடுத்தாள். ஷட்டரைக் குனிந்து கடந்து வெளியே போய், காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் இன்னும் உங்கள மன்னிக்கல” என்றாள். “ஏறுங்க.”